சாப்பிட்டுத் தீர்த்த ‘ப’

உரும்பிராயில் எங்கள் முன்பள்ளியில் ஓர் எழுத்தைப் படிப்பிக்க ஒரு வாரம் எடுப்போம். மணலில் கீறுவோம், களிமண்ணில் உருட்டுவோம், புளியங்கொட்டையை அடுக்குவோம். கொப்பியும் பென்சிலும் கடைசியில்தான் வரும். பெற்றோர் பலருக்கு இது விளங்குவதே இல்லை. கொப்பி நிறைய எழுதி, கீழே சிவப்புப் பேனையால் ஒரு ‘சரி’ விழுந்தால்தான் அவர்களுக்கு அது படிப்பு.

அப்படியான ஓர் அப்பா போன தை மாதம் எனக்கு வாய்த்தார். வங்கியில் வேலை, நாலு வயதில் ஒரு மகள். நல்லூர்ப் பக்கத்தில் வீட்டுவேலை கொடுக்கும் முன்பள்ளி ஒன்றில் இடம் பார்த்து வைத்துவிட்டார். “வெள்ளிக்கிழமை வந்து பாப்பன் ரீச்சர். பிள்ளைக்கு ஒரு எழுத்தாவது தெரியாட்டி மாத்திறன்” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் பென்சிலைக் கண்டாலே கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளிப்பவள். அழாமல் வாசலைத் தாண்டத் தொடங்கியதே அண்மையில்தான். அவளை வேறிடம் அனுப்ப எனக்கு மனமே இல்லை.

அந்த வாரத்து எழுத்து ‘ப’. பனங்கிழங்குக் காலம் வேறு. வெள்ளிக்கிழமை வீட்டிலேயே அவித்து, தும்பு நீக்கி, ஒரே அளவாக முறித்துக் கொண்டுபோனேன். ஆளுக்கு மூன்று துண்டு. நிமிர்த்தி ஒன்று, படுக்கையாய் ஒன்று, நிமிர்த்தி இன்னொன்று. பிள்ளைகள் அழகாக அடுக்கினார்கள், அவளும்தான். “ஒருத்தரும் தொடப்படாது. தட்டிலை அப்பிடியே இருக்கட்டும்” என்றேன். அவித்த பனங்கிழங்கை முன்னால் வைத்துவிட்டு அப்படிச் சொன்ன என் புத்தியை என்னவென்பது!

குழாயடியில் வாளியை நிரப்பிவிட்டு வந்து பார்த்தால் பாதி எழுத்துகளுக்குக் கால் இல்லை. அவளுடைய தட்டில் ஒன்றுமே இல்லை. கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. இனிக் காப்பாற்ற என்ன இருக்கிறது என்று நானும் ஒரு துண்டை வாயில் போட்டேன். அவளும் ஒரு தோழியும் நிற்க, மற்றவர்களைக் கைகழுவ அனுப்பிய நேரம் பார்த்து அப்பா உள்ளே வந்தார்.

“எங்கை ரீச்சர், மகள் செய்த எழுத்து?”

“சாப்பிட்டிட்டாள்.”

“என்ன?”

“நல்லாய்த்தான் செய்தவள். பிறகு சாப்பிட்டிட்டாள்.”

“எழுத்தைச் சாப்பிடவோ நான் பிள்ளையை அனுப்பினனான்?”

சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து மகளிடம் நீட்டினார். இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் போயின. “பாத்தீங்களோ?” என்றார். அவர் சுவர்க் கொளுவியில் தொங்கிய மகளின் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

அதற்குள் அவள், பக்கத்தில் நின்ற தோழியைப் பிடித்துத் தரையில் நெடுக்காகப் படுக்கவைத்தாள். தோழியின் காலடியில் தான் குறுக்காகப் படுத்தாள். வலது பக்கம் வெறுமையாக இருந்தது. நான் ஆவலோடு ஓடினேன்.

“ரீச்சர் வேண்டாம். ரீச்சர் குண்டு. அப்பா, நீங்கள் படுங்கோ.”

மனம் நொந்துதான் போனேன். ஆனால் சண்டைபிடிக்க அது நேரமில்லை.

“ஏனம்மா?” என்றார் அப்பா.

“ஒரு கால் குறையுதெல்லோ.”

அவர் என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், பிறகு பையோடு படுத்தார். அவள் எழும்பி, இடுப்பில் கைவைத்துச் சுற்றிவந்து பார்த்தாள்.

“நீளம் கூடிப்போச்சு. காலை மடக்குங்கோ.”

மடக்கினார். அவள் தன் இடத்தில் திரும்பப் படுத்துக்கொண்டு கேட்டாள்: “இது என்ன எழுத்து, அப்பா?”

“ப.”

“கேக்கேல்லை. பலத்துச் சொல்லுங்கோ.”

“ப!”

குழாயடியிலிருந்து ஈரக் கைகளோடு ஓடிவந்த பட்டாளமும் சேர்ந்து ‘ப’ என்று கத்தியது. சிரிப்பை அடக்க நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

அவர் எழும்பித் தூசியைத் தட்டினார். பையைக் கொண்டுபோய்க் கொளுவியில் மாட்டினார்.

“திங்கக்கிழமை என்ன எழுத்து ரீச்சர்?”

“ம.”

விரலால் காற்றில் ‘ம’ கீறிப் பார்த்தார்.

“அதுக்கு எத்தினை பேர் படுக்கவேணும்?”