யாரும் நிறுத்தாத மின்சாரம்

ஆக்லாந்து நகரத்தின் நடுப்பகுதி வாரக்கணக்காக இருளில் கிடந்த அந்தக் கோடையில் எனக்கு எட்டு வயது. புறநகரான மவுண்ட் ஆல்பர்ட்டில் எங்கள் வீட்டில் விளக்கும் தொலைக்காட்சியும் ஒழுங்காகவே வேலை செய்தன. நகரத்தில் மின்சாரம் போன செய்தியை அம்மா அந்தத் தொலைக்காட்சியில்தான் பார்த்தாள். அப்பாவின் அலுவலகம் அங்கே ஓர் உயர்ந்த கட்டடத்தில் இருந்தது. தொலைபேசியில் அழைத்தாள். ஒருவரும் எடுக்கவில்லை.

"ஆர் அடிச்சது?" என்று என்னைக் கேட்டாள்.

அவளுக்கு ஆங்கிலச் செய்தி பாதிதான் விளங்கும். நிலத்துக்கடியில் கேபிள்கள் பழுதாகிவிட்டன, அவ்வளவுதான் என்று எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். அவள் நம்பவில்லை. அவள் பார்த்திருந்த இருட்டெல்லாம் யாரோ செய்த இருட்டு. இது யாழ்ப்பாணம் இல்லை அம்மா என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் கூசுகிறது.

பாஸ்போர்ட்டுகளைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு, என்னையும் இழுத்தபடி ஸ்டேஷனுக்கு நடந்தாள். ரயில்கள் டீசலில் ஓடியதால் நிற்கவில்லை. ஒவ்வொன்றும் வரும்போது பெட்டி பெட்டியாக ஓடி, இறங்குகிறவர்களின் முகத்தை நெருங்கிப் பார்த்தாள். என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தன் தாயோடு இறங்கினாள். நான் தூணுக்குப் பின்னால் மறைந்துகொண்டேன்.

வெயில் சாயும் நேரத்தில் அப்பா வந்தார். கையில் ஐஸ்கிரீம் டப்பா. உருகிப்போகுமென்று கடைக்காரர் சும்மா கொடுத்தாராம். மாடிப்படியெல்லாம் இறங்கி வந்த கதையை உற்சாகமாகச் சொன்னார்.

"பழைய கேபிளப்பா. வெயிலிலை மண்ணும் காய்ஞ்சு போச்சு. ஒண்டு போக, அதின்ர பாரமும் மற்றதுகளிலை ஏறி, சூடாகி, ஒண்டொண்டா எல்லாம் போயிட்டுது."

"அப்ப ஒருத்தரும் செய்யேல்லையே?" என்றாள் அம்மா.

"ஓமப்பா. ஒருத்தரும் இல்லை."

வீடு வரும்வரை அம்மா அவருடைய சட்டைக் கையைப் பிடித்த பிடியை விடவில்லை. நான் பின்னால் ஐஸ்கிரீமை விரலால் வழித்துத் தின்றபடி நடந்தேன்.

அம்மாவின் அண்ணன் தமிழருக்கு எதிரான கலவர நாட்களில் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயிலில் வருவதாகச் சொல்லி, வராமலே போனவர். அது எனக்கு அப்போதே தெரியும், வீட்டில் சொல்லப்படும் பல கதைகளில் ஒன்றாக. ஆனால் அன்று மாலை அம்மா எந்த ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியவில்லை.