போனுக்குத் தெரியாத சிவப்பு

கானா நாட்டுக் குமாசி நகரில் அசாஃபோ பக்கம் சாவு போஸ்டர் அடிக்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஃப்ரெம்போமாவின் கடை என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்தது. பத்தொன்பது வருஷமாகச் செத்தவர்களின் முகத்தைக் கம்ப்யூட்டரில் துடைத்துப் பளிச்சென்று ஆக்கித் தருகிறவள். அவள் வேலையில் பிசகு என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

தாஃபோவுக்கு டிரோட்ரோ என்கிற ஷேர் வேன் ஓட்டிய அட்டக்கோரா நாற்பத்தாறு வயதில் மாரடைப்பில் போய்விட்டான். குடும்பப் பெரியவர் டார்க்வாவும் விதவை செச்சிவாவும் கடைக்கு வந்தார்கள். அவன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபடி ஆள் கூவிக் கூப்பிடும் வீடியோ ஒன்று அவர்களிடம் இருந்தது.

"இதை போஸ்டர்ல கியூஆர் கோடாப் போட்டுரும்மா. போனைக் காட்டினா அவன் குரல் கேக்கணும்" என்றார் டார்க்வா.

ஃப்ரெம்போமா துக்கத்துக்குரிய கருப்பில், துக்கத்துக்குரிய சிவப்பால் அந்தக் கியூஆர் கோடைப் போட்டாள். தன் போனைத் திரையில் காட்டினாள், திறந்தது. அச்சடித்த முதல் தாளில் காட்டினாள், அதுவும் திறந்தது. முன்னூறு போஸ்டர் ஊரெங்கும் ஒட்டியாகிவிட்டது.

இரண்டாம் நாள் டார்க்வா வந்து நின்றார்.

"ஏம்மா, எங்க வீட்டுச் சாவுல விளையாடுறியா? பதினோரு பேரு போனைக் காட்டினோம். ரெண்டுலதான் வந்துச்சு."

"ஐயா, என் போன்ல வருதே, பாருங்க!"

"அப்போ எங்க போனுக்கெல்லாம் கண்ணு அவிஞ்சு போச்சா?"

அவர் போனதும் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கியூஆர் கோடைப் பெரிதாக்கினாள். தாளின் பளபளப்புதான் காரணமோ என்று மங்கலான தாளில் அடித்தாள். கியூஆர் கோடையே புதிதாக உருவாக்கினாள். வாச்சே சோறு விற்கிறவளின் போனில் திறந்தது, மெக்கானிக்கின் போனில் திறக்கவில்லை. என் பழைய போன் அசையவே இல்லை.

"அண்ணே, எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சா? அதே கோடு, அதே தாளு!"

அந்தப் போஸ்டரை என் மிஷினில் வைத்து ஒரு காப்பி எடுத்தேன். கோடு இருந்த இடத்தில் சிவப்பும் கருப்பாகி, வெறும் கருப்புக் கட்டம் வந்தது. அவள் அந்தக் காப்பியைக் கையில் எடுத்தாள்.

"பாதி போனுக்கு இப்படித்தான் தெரியுதா?" என்றாள். அவளுடையது புதுப் போன். எப்படியோ சமாளித்திருக்கிறது.

வெள்ளையில் கருப்புக் கியூஆர் கோடு அடித்தாள். எல்லாப் போனிலும் திறந்தது. டார்க்வா அதைக் கையால்கூடத் தொடவில்லை.

"வெள்ளையா? வயசாகிப் போனவங்களுக்குத்தான் வெள்ளை. இவன் பாதியில போனவன். நாங்க கொண்டாடுறோம்னு ஊரு பேசவா?"

மறுநாள் அவள் பத்துக் கட்டங்கள் அடித்து மேசையில் பரப்பினாள். ஒவ்வொன்றிலும் கருப்புக் கியூஆர் கோடு. அடியில் இருந்த சிவப்பு மட்டும் ஒன்றைவிட ஒன்று வெளிறிக்கொண்டே போனது. என் போனை வைத்துத்தான் சோதனை. எட்டாவது கட்டத்தில்தான் வாய் திறந்தது.

டார்க்வா குனிந்து பார்த்தார். "இது எங்க சிவப்பு? தக்காளிக் குழம்பு!"

கூட வந்திருந்த செச்சிவா, "அவருக்குத் தக்காளிக் குழம்புன்னா உயிரு. இதையே ஒட்டுங்க" என்றாள். பெரியவர் தலையை ஆட்டினார். கொஞ்சம் கூடுதலாகவே ஸ்டிக்கர் அடித்து, முன்னூறு போஸ்டரிலும் பழைய கியூஆர் கோடின் மேல் ஒட்டினோம்.

சனிக்கிழமை துக்கப் பந்தலில் நாற்காலி நிறைந்திருந்தது. எல்லோரும் வாசல் போஸ்டரில் போனைக் காட்டிவிட்டு உள்ளே வந்தார்கள். உட்கார்ந்து வீடியோவைப் போட்டதும் நாற்பது போன், ஒன்றுக்கொன்று ஒரு நொடி முன்பின்னாகக் கூவின.

"தாஃபோ! தாஃபோ! ஏறுங்க, ஏறுங்க!"

அட்டக்கோரா முன்னாலிருந்து கூப்பிட்டான், பின்னாலிருந்து கூப்பிட்டான். செச்சிவா எழுந்து, எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஃப்ரெம்போமா என் கையை இறுகப் பிடித்தாள். "நிறுத்தச் சொல்லவாண்ணே?"

அப்போது பின்வரிசையில் ஒரு மீன்காரி, "இடமிருக்காய்யா?" என்று குரல் கொடுத்தாள். சிரிப்பு வெடித்தது. சிரித்தவர்களே அழுதார்கள். செச்சிவா சிரித்தாளா அழுதாளா, நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை.

திங்கட்கிழமை செச்சிவா கடைக்கு வந்தாள். "அந்த ஸ்டிக்கர் மிச்சமிருக்காம்மா?"

ஃப்ரெம்போமா ஆறு எடுத்துக் கொடுத்தாள். செச்சிவா ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.