கரண்ட் போன நேரத்தில் காப்பர்-டி

கல்யாணமான முதல் ஆடியில் என்னைத் திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டைக்கு, என் அம்மா வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். ஆடியில் புதுப்பெண் புருஷனோடு இருந்தால் சித்திரையில் குழந்தை பிறக்கும், அந்த வெயில் குழந்தைக்கு ஆகாது, அதனால் ஆளுக்கொரு ஊர்.

இதில் ஒரே ஒரு சிக்கல். நான் எம்.எஸ்சி. முடிக்கும்வரை குழந்தை வேண்டாம் என்று நாங்கள் இருவரும் பேசி, ஆஸ்பத்திரிக்குப் போய் எனக்குக் காப்பர்-டி போட்டுக்கொண்டு வந்திருந்தோம். அதற்குப் பிறகுதான் நிஜமாகவே நெருங்கினோம். அதற்கு முன்பு, நாள் தள்ளிப்போய்விடுமோ என்ற பயத்தில் அவரையே தள்ளிப் படுக்கவைத்திருந்தேன். எங்களுக்கு ஆடியும் ஒன்றுதான், ஐப்பசியும் ஒன்றுதான். ஆனால் பெரியவர்களிடம் சொல்ல இருவருக்கும் தைரியம் இல்லை. வரப்போவதில்லை என்று தெரிந்த குழந்தைக்குப் பயந்து பிரிந்திருந்தோம்.

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பவர்லூம். பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. போனில் கத்தித்தான் பேசவேண்டும். எவ்வளவு கத்தினாலும் வீட்டில் யார் காதிலும் விழாது என்பது ஒரு சௌகரியம்.

ஒரு மத்தியானம் அவர், "சோறே எறங்கல, வூடு வூடாவே இல்ல" என்று போனில் புலம்பினார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. கத்தினேன். சரியாக அப்போது கரண்ட் போனது. தெரு முழுக்கத் தறிகள் கப்சிப். என் குரல்தான் நிற்கவில்லை.

"கொழந்தையே வேணாம்னு காப்பர்-டி போட்டுகினு வந்துட்டோம், அப்பறம் எதுக்கு பாவா நமக்கு ஆடி?"

அறுந்த நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த நைனா, முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டுக்கொண்டே இருந்தார். அம்மா கரண்டியோடு நின்றாள். எதிர்வீட்டுப் பெரியம்மா ஜன்னல் வழியாக, "ஆங், கேக்கறது நாயந்தானே?" என்றாள்.

போனில் அவர், "என்னாம்மா, திடீர்னு இவ்ளோ தெளிவா கேக்குது?" என்றார்.

அம்மா உடனே என் மாமியாருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரிலும் வைத்தாள். காப்பர்-டியை எடுத்துவிடச் சொல்லப்போகிறார்கள், படிப்பு அவ்வளவுதான் என்று நினைத்தேன். அம்மா விஷயத்தைச் சொன்னாள். அத்தை, "அடிப்பாவிங்களா! மலை மேல தொட்டில் கட்டறேன்னு வேண்டிக்கினு வந்தனே!" என்றாள்.

"அவ படிச்சு முடிக்கட்டும் அண்ணி. முருகன் எங்க போயிடப் போறாரு?" என்றாள் அம்மா. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

"அது சரி. ஆனா ஆடி ஆடிதான். மருமவ மாமியார் வூட்ல இருக்கக்கூடாது" என்றாள் அத்தை.

நைனா அப்போதுதான் வாயைத் திறந்தார். "மருமவதான இருக்கக்கூடாது? மருமவன் அவன் மாமியார் வூட்ல இருக்கலாமே. அத யாரும் வேணாம்னு சொல்லலயே."

எதிர்வீட்டுப் பெரியம்மா யோசித்துவிட்டு, "சொல்லல" என்று தீர்ப்பு வழங்கினாள். "சாயங்கால பஸ்ல அனுப்பறேன்" என்றாள் அத்தை.

சாயங்கால டவுன் பஸ்ஸில் அவர் வந்து இறங்கினார். தெருவே வாசலில் நின்று பார்த்தது. தலையை நிமிர்த்தாமல் உள்ளே வந்தவர், என் காதருகே குனிந்து என்னவோ சொன்னார். கரண்ட் வந்து தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றும் கேட்கவில்லை.

"சத்தமா சொல்லு பாவா!"

அவர், மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தார். எரிந்துகொண்டிருந்த டியூப்லைட்டைப் பார்த்தார்.

"சத்தமா சொல்றேன், மொதல்ல நீ இத சொல்லு," என்று கத்தினார். "மறுபடி கரண்ட் எப்ப போவும்?"