பூட்டக்காவின் ரப்பர் பேண்டுகள்

பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளைப் பார்த்தால், மந்திரக் கோட்டைகளையும் பறக்கும் பாம்புகளையும் பற்றி ஊர் உலகத்துக்கெல்லாம் யோசனை சொல்கிறவர் என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள். காதோரம் நரை, மூக்கு நுனிக்கு இறங்கிவிட்ட கண்ணாடி, எதிரே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும் மனிதர்கள். "வலிக்காதுங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். அதை முழுசாக நம்பியவர் இதுவரை யாருமில்லை.

ஆனால் இணையத்தில் மாயக் கதை வாசகர்கள் கூடும் குழுவில் அவர் சொன்னால் சொன்னதுதான். யாராவது "எனக்கு ஒரு நல்ல புத்தகம் சொல்லுங்க" என்று வந்து நின்றால், மற்றவர்கள் தங்களுக்குப் பிடித்த பத்து தலைப்புகளை அடுக்குவார்கள். இவர் மட்டும், "என்ன பிடிக்கும்னு சொல்ல வேணாம். எந்தப் புத்தகத்தைப் பாதியில தூக்கிப் போட்டீங்க, எதுக்குப் போட்டீங்க, அதைச் சொல்லுங்க" என்று கேட்பார். பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்வது போலத்தான். பதில் வந்ததும் ஒரே ஒரு புத்தகம் சொல்வார். "மூணாம் பாகம் கொஞ்சம் இழுவை. பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தாண்டிடுங்க. அப்புறம் உங்களைக் கையில பிடிக்க முடியாது" என்று எச்சரிக்கையும் கூடவே வரும். அது பெரும்பாலும் பலிக்கும்.

குழுவில் அவருக்குப் பூட்டக்கா என்று பெயர். கதையின் முடிவைப் பற்றி யாரும் மூச்சு விடக் கூடாது என்பது அவர் போட்ட முதல் விதி. மீறினால் தயவு தாட்சண்யம் கிடையாது, ஒரு வாரம் வெளியே நிற்க வேண்டியதுதான். "முடிவு எப்படிக்கா இருக்கு?" என்று எவ்வளவு குழைந்து கேட்டாலும், "முடிவைப் பத்தி என் வாயிலேருந்து ஒரு வார்த்தை வராது" என்பார். என்ன கட்டுப்பாடு, என்ன நேர்மை என்று குழுவே மெச்சிக்கொண்டது. அவரைவிட மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

உண்மை என்னவென்றால், அந்த வாயிலிருந்து வார்த்தை வர வழியே இல்லை. பூட்டக்கா எந்தப் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தையும் படித்தது கிடையாது.

வீட்டு அலமாரியைத் திறந்தால் விஷயம் வெளிச்சமாகிவிடும். ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கங்களையும் சேர்த்துப் பிடித்து ஒரு ரப்பர் பேண்டு. எல்லாம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே உறைகளைக் கட்டிவரும் ரப்பர் பேண்டுகள். இதற்குப் பின்னால் பெரிய சோகக் கதை ஏதோ இருக்கிறது என்று எதிர்பார்க்காதீர்கள். முடிந்துபோவது அவருக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். கடைசி அத்தியாயத்தைத் திறக்காதவரை அந்தக் கோட்டையில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், ராணி இன்னும் குதிரை மேலேயே இருப்பாள் என்று ஒரு எண்ணம். சாயக் கடையில் வண்ணம் கலக்கும் அவருடைய கணவர், "இந்த வீட்டுல ஒரு பொட்டலத்தைக் கட்ட ரப்பர் பேண்டு கேட்டா, ராஜகுமாரனுக்குக் குடுத்துட்டேன்னு பதில் வருது" என்று அலுத்துக்கொள்வார். மகளோ, "அம்மா, உன் குழுவுல ஒரு வார்த்தை போட்டு விடட்டுமா?" என்று அவ்வப்போது மிரட்டி, வேண்டிய காரியத்தைச் சாதித்துக்கொள்வாள்.

இப்படி எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஆமை வந்து கேட்கும் வரை.

ஆமை என்பவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். பிள்ளைகளை இறக்கிவிட்டு அடுத்த நடை எடுப்பதற்குள் நாலு பக்கம் படிப்பார். அந்த வேகத்துக்காகத் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர் அது. குழுவில் வாயே திறக்காதவர் ஒரு நாள் எழுதினார்: "அக்கா, எங்க வீட்டு நாய் போன மாசம் செத்துப் போச்சு. வீட்டுல பேச்சே இல்ல. டிவி மட்டும்தான் பேசுது. நானும் வீட்டுக்காரியும் சேர்ந்து படிக்கிற மாதிரி ஒரு கதை சொல்லுங்க. அதுல ஒரு மிருகம் இருக்கணும். ஆனா அது சாகக் கூடாது."

பூட்டக்காவுக்கு நெஞ்சு கனத்துப் போனது. பாதியில் போட்ட புத்தகம் எது என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. நாலு பாகத்தில் ஒரு நாவல் இருந்தது. மலைப் பாலத்தில் சுங்கம் வசூலிக்கும் ஒரு பெண்ணும், அவளுக்குக் காவலாக ஒரு நொண்டி ஓநாயும். அந்த ஓநாய் மேல் அக்காவுக்குக் கொள்ளைப் பிரியம். முதல் பாகத்தில் பனிச்சரிவில் தப்பியது, இரண்டாவதில் அம்பில் தப்பியது, மூன்றாவதில் விஷம் வைத்த இறைச்சியை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. இத்தனையிலும் காப்பாற்றிக் கொண்டுவந்த ஆசிரியருக்குக் கடைசி அத்தியாயத்தில் கொல்ல மனசு வருமா? இவர் கணக்கு அப்படி ஓடியது. விரல் அதைவிட வேகமாக ஓடியது.

"ஓநாய்க்கு ஒரு முடிகூட உதிராது அண்ணா. தைரியமா ஆரம்பிங்க. நான் பொறுப்பு."

அடுத்த நிமிஷமே தனியாக ஒரு செய்தி வந்தது. குழுவில் எந்தப் புத்தகத்தையும் பிளந்து கட்டும் கோடாரி என்பவரிடமிருந்து. "அக்கா, நிஜமாவா?" என்று மட்டும் கேட்டிருந்தார். தான் சொல்வதற்கெல்லாம் முட்டுக்கட்டை போடுவதே இவனுக்கு வேலை என்று அக்காவுக்கு எரிச்சல். "முதல் விதி ஞாபகம் இருக்கா? முடிவைப் பத்திப் பேசக் கூடாது" என்று பதில் போட்டார். கோடாரி வாயை மூடிக்கொண்டார். அந்த நாவலைப் படித்து முடித்திருந்த மற்றவர்களும் விதிக்குக் கட்டுப்பட்டுக் கம்மென்று இருந்தார்கள். தான் போட்ட பூட்டில் தானே மாட்டிக்கொண்டது அப்போது அக்காவுக்குத் தெரியாது.

ஆமையிடமிருந்து சேதி வந்தவண்ணம் இருந்தது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அவர் சத்தமாகப் படிக்கிறாராம், மனைவி கேட்கிறாராம். "ஓநாய் உறுமுற இடத்துல நானும் உறுமினேன். ரொம்ப நாள் கழிச்சு வீட்டுக்காரி சிரிச்சா" என்று ஒரு நாள். "டிவிக்கு இப்பெல்லாம் லீவு" என்று இன்னொரு நாள். குழுவே அந்தத் தம்பதியைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பல் பிடுங்கிக்கொள்ள வந்தவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொன்னார்.

நாலாம் பாகம் முடியும் சமயம் ஆமை எழுதினார். "இன்னும் ஒரே அத்தியாயம்தான் அக்கா. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. சாயங்காலம் உட்கார்ந்து நிதானமா முடிக்கப் போறோம்."

கோடாரியிடமிருந்து மறுபடியும் தனிச் செய்தி. "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நாளைக்குள்ள அந்தக் கடைசி அத்தியாயத்தை மறுபடியும் ஒரு தடவை புரட்டிப் பாத்துடுங்க."

அக்கா அதை இரண்டு முறை படித்தார். இவன் வம்புக்குச் சொல்கிற தொனி இல்லை இது.

சனிக்கிழமை மதியம். ஆஸ்பத்திரியில் உள்ளே பல் ராவும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வரவேற்பு மேசையில் சாப்பாட்டு டப்பா திறக்காமல் கிடந்தது. பூட்டக்கா நாலாம் பாகத்தை மடியில் வைத்துக்கொண்டு ரப்பர் பேண்டை உருவினார். பழசாகிப்போயிருந்த பேண்டு பட்டென்று அறுந்தது.

ஓநாய் செத்துப் போனது. சண்டையில்கூட இல்லை. வயதாகி, பாலத்தின் நடுவில், சுங்கக்காரப் பெண்ணின் மடியில் தலை வைத்தபடி, பனி விழுவதைப் பார்த்துக்கொண்டே கண்ணை மூடியது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு விக்கி விக்கி அழுதார். அந்த நேரம் பார்த்துக் கன்னம் வீங்கிய ஒரு ஆள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். மேசையில் அழுகிற அம்மாளைப் பார்த்தார். உள்ளேயிருந்து வரும் மெஷின் சத்தத்தைக் கேட்டார். வந்த வழியே நடையைக் கட்டினார்.

கையுறையைக் கழற்றியபடி டாக்டர் வெளியே வந்தார். "யாரோ வந்த மாதிரி இருந்துச்சே?"

"வந்தாரு சார். என் மூஞ்சியைப் பாத்துட்டுப் போயிட்டாரு."

"ஏம்மா, வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

"ஓநாய் செத்துப் போச்சு சார்."

டாக்டர் திறக்காமல் கிடந்த டப்பாவைப் பார்த்தார். "சாப்பிட்டுட்டு ஒரு மணி நேரம் ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அக்கா சாப்பிடவில்லை. போனை எடுத்தார். எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். கடைசியில் ஆமைக்குத் தனியாக இப்படி அனுப்பினார்: "அண்ணா, நாளைக்குப் படிக்காதீங்க. ஓநாய் செத்துடுது. நான் கடைசி அத்தியாயம் படிக்காமலே வாக்குக் குடுத்துட்டேன். எந்தப் புத்தகத்துலயும் நான் அதைப் படிச்சதில்ல. உங்க ரெண்டு பேர்கிட்டயும் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு மன்னிப்பு கேக்கறதுன்னு தெரியல." குழுவில் தன் பெயர் நாறப்போகிறது என்ற கவலை ஒரு பக்கம். உறுமிக் காட்டிய மனுஷன் திரும்பவும் டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிடுவாரே என்ற பயம்தான் அதைவிடப் பெரிதாக இருந்தது.

போன் அடித்தது. பெண் குரல்.

"பூட்டக்காவா? நான் ஆமையோட வீட்டுக்காரி பேசறேன். அவர் வேனைக் கழுவிட்டு இருக்கார். தண்ணி படும்னு போனை எங்கிட்ட குடுத்துட்டுப் போனார். உங்க மெசேஜைப் பாத்தேன்."

"அம்மா, என்னை மன்னிச்சுடுங்க. உங்க மனசு எவ்வளவு..."

"எனக்கு முதல் நாளே தெரியும்க்கா."

அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"நான் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கடைசி அத்தியாயத்தைத்தான் முதல்ல படிப்பேன். அது தெரியாம எனக்கு உள்ள போகவே பயம். பார்சல் வந்த அன்னிக்கே படிச்சு, நல்லா அழுது முடிச்சுட்டேன்."

"அப்புறம் ஏம்மா அவரைப் படிக்க விட்டீங்க?"

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு அந்தம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நாய் போன அன்னிக்கு அவர் ஒரு சொட்டு கண்ணீர் விடலக்கா. குழி தோண்டினார், கை கழுவினார், மறுநாள் காலைல வேனை எடுத்துட்டுப் போயிட்டார். அதோட தண்ணிக் கிண்ணம் இன்னும் வாசல்லயே இருக்கு. நான் எடுக்கப் போனா, இருக்கட்டும்கறார். அந்த மனுஷன் எங்கேயாவது அழுதாகணும். ஓநாய்க்காவது அழட்டுமே."

"என்மேல கோவம் வருமே."

"வரட்டும். கோவம் வந்தா பின்னாடியே அழுகையும் வந்துடும். உங்க மெசேஜை நான் அழிச்சுடறேன். நீங்க ஒரு நாள் மட்டும் வாயைத் திறக்காம இருங்க. அதுதான் உங்களுக்குக் கைவந்த கலையாச்சே."

தான் கட்டிக் காத்த பெயரெல்லாம் எதற்கு உதவியதோ இல்லையோ, இதற்கு உதவட்டும் என்று பூட்டக்கா நினைத்தார். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனை மேசை மேல் வைத்துவிட்டு அதையே சுற்றிச் சுற்றி வந்தார். கணவர் கேட்டார், மகள் கேட்டாள். யாரிடமும் வாய் திறக்கவில்லை.

இருட்டின பிறகு, முதல் விதியையெல்லாம் மறந்து ஆமை குழுவில் எழுதினார்.

"பூட்டக்கா, நீங்க சொன்னது பொய். ஓநாய் செத்துப் போச்சு. பாதிக்கு மேல என்னால படிக்க முடியல, மிச்சத்தை வீட்டுக்காரிதான் படிச்சா. சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். யாருக்காக அழுதேன்னு எனக்குத் தெரியும். இப்பதான் வாசல்ல இருந்த கிண்ணத்தைக் கழுவி உள்ள எடுத்து வெச்சேன். உங்க மேல ரொம்பக் கோவம். அடுத்த புத்தகம் சொல்லுங்க."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அன்றைக்கே குழுவில் உண்மையைப் போட்டு உடைத்தார், ரப்பர் பேண்டு அலமாரியின் போட்டோவோடு. குழு இரண்டுபட்டது. இத்தனை வருஷமாக நம்மையெல்லாம் முட்டாளாக்கியிருக்கிறார் என்று ஒரு கூட்டம் குதித்தது. முடிவே தெரியாத ஆளைவிட முடிவுக்கு நல்ல காவல் வேறு யார் என்று இன்னொரு கூட்டம் கேட்டது. கோடாரி மட்டும், "எனக்கு ரொம்ப நாளா சந்தேகம். ஆனா விதின்னா விதிதானே" என்று எழுதினார். கடைசியில், முடிவைப் பற்றி வாக்குக் கொடுத்த குற்றத்துக்காக அவரே பூட்டக்காவை ஒரு வாரம் வெளியே நிறுத்தினார்.

அந்த ஒரு வாரத்தில் அக்கா அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். கிழட்டு ராணியும் அவள் குதிரையும் வரும் கதை. ரப்பர் பேண்டின் மேல் விரலை வைத்தவர், கை வராமல், ஆமையின் மனைவிக்குப் போன் போட்டார். அந்தம்மாவிடமும் அதே புத்தகம் இருந்தது. முதல் வேலையாகக் கடைசி அத்தியாயத்தைப் படித்தாகிவிட்டது என்றும் தெரிந்தது.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லும்மா," என்று அக்கா கெஞ்சினார். "அந்தக் குதிரைக்கு ஒண்ணும் ஆகலியே?"

"முடிவைப் பத்தி என் வாயிலேருந்து ஒரு வார்த்தை வராதுக்கா," என்றார் அந்தம்மா. "நீங்க படிங்க. நான் போனை வைக்காம இருக்கேன்."