கமலம் லீவில் இருக்கிறாள்

டிரங்க் எக்ஸ்சேஞ்சில் வெளியூர் கால் போட்டுக்கொடுக்கும் எங்களுக்குக் காதில் ஒரு கருவி, நெஞ்சில் பேசுவதற்கு ஒரு குழல். குழலைத் தாங்கும் பட்டை கழுத்தைச் சுற்றி வரும். பல வருஷமாக ஒரே துளையில் மாட்டிய பட்டை ஒருநாள் இறுக்கியது. அடுத்த துளைக்குத் தளர்த்தினேன். சதை போட்டுவிட்டாய் என்று பக்கத்து ஸ்விட்ச்போர்டுக்காரி கேலி செய்தாள், நானும் சிரித்தேன். கழுத்து வீங்கியது எனக்கு முதலில் தெரிந்தது அப்படித்தான்.

தைராய்டில் (கழுத்தின் முன்புறம் இருக்கும் சுரப்பி) கட்டி. வெட்டி எடுத்துப் பார்த்தால்தான் நல்லதா கெட்டதா என்று தெரியும் என்றார் டாக்டர். எடுத்தார்கள். புற்று இல்லை. என் கணவர் வார்டு முழுக்க லட்டு கொடுத்தார். எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டதற்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது.

கட்டியை ஒட்டி ஓடும் நரம்பு அடிபட்டு, ஒரு பக்கத்துக் குரல்நாண் (தொண்டைக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் மடிப்பு) அசையாமல் நின்றுவிட்டதாம். ஒரு வருஷத்துக்குள் திரும்பி வரலாம், வராமலும் போகலாம். என்ன வேலை பார்க்கிறாள் என்று டாக்டர் கேட்டார். டெலிபோன் ஆபரேட்டர் என்றார் கணவர். அதற்குப் பிறகு டாக்டர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

இதே ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்கள் பயப்படாதீர்கள். பெரும்பாலும் இப்படி ஆவதில்லை. எனக்கு ஆயிற்று. எனக்கு மட்டும் ஏன் என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. நீங்களும் கேட்பீர்கள், கேளுங்கள், தப்பில்லை.

சம்பளமில்லாத லீவில் டெல்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் கிடந்தேன். காய்காரனை மாடியிலிருந்து கைதட்டிக் கூப்பிட்டேன். பஸ்ஸில் இறங்கவேண்டிய இடத்தில் கத்த முடியாமல் அடுத்த ஸ்டாப் வரை போய் நடந்து வந்தேன். மகள் சுமதி டெல்லியில் பிறந்தவள். தமிழில் கேட்டால் இந்தியில் பதில் சொல்வாள். அதற்காக நாள் முழுக்க என்னிடம் திட்டு வாங்குவாள். ஒருநாள் அவளே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்னைத் திட்டேம்மா" என்றாள். அதுவும் தமிழில். நான் உள்ளே போய் அழுதேன். பாழாய்ப்போன அழுகைக்கும் சத்தம் இல்லை.

மெல்ல ஒரு குரல் வந்தது. என் குரல் இல்லை, யாருடையதோ. கரகரப்பு; ஒரு வாக்கியம் முடிவதற்குள் மூச்சு தீர்ந்துவிடும்.

லீவு முடிந்ததும் ஆபீசில் இரண்டு வழி சொன்னார்கள்: ரெக்கார்ட் செக்ஷனுக்கு மாற்றல், அல்லது மருத்துவக் காரணம் காட்டி ஓய்வு. எனக்கு இரண்டும் வேண்டாம், என் போர்டுதான் வேண்டும் என்றேன்.

"ஏன் கெடந்து தவிக்கே? ரெக்கார்டுக்குப் போனா நிம்மதியா இருக்கலாம்லா" என்றார் கணவர். திருநெல்வேலிக்காரர், அவர் குரலுக்கு ஒரு கேடும் வரவில்லை. நான் முறைத்தேன்.

சூப்பர்வைசர் மிஸஸ் சேத்தியோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் அவர், அச்சா, ஒரு மத்தியானம் மெட்ராஸ் லைனில் உட்கார், பிறகு நீயே வந்து சொல் என்றார்.

மெட்ராஸ் லைன் என்றதும் எனக்குப் பாதி உயிர் வந்துவிட்டது. அந்த முனையில் வசந்தா இருப்பாள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. இரண்டு பிரசவம், மாமியார் சண்டை, காப்பிப்பொடி விலை எல்லாம் கால்களுக்கு நடுவே பேசியிருக்கிறோம். லைனை எடுத்ததும் ஊர்ப் பெயராக நான் "டெல்லி" என்று சொல்கிற விதத்திலேயே, "கமலமா?" என்பாள். அந்த ஒரு சொல்லைத்தான் வீட்டுக் கண்ணாடி முன் நின்று மாதக்கணக்கில் பழகியிருந்தேன்.

லக்ஷ்மிபாய் நகரிலிருந்து ஒருவர் அர்ஜென்ட் கால் கேட்டிருந்தார். அவருடைய அம்மா மெட்ராஸ் ஆஸ்பத்திரியில். பட்டையை மாட்டிக்கொண்டு லைனை எடுத்தேன். வசந்தாதான்.

"டெல்லி" என்றேன்.

"லைன் ஒரே கொரகொரப்பா இருக்குங்க டெல்லி. வேற லைன்ல வாங்க."

வேறு லைனுக்கு மாறினேன். அங்கும் அதையே சொன்னாள். இன்னொன்றுக்கு மாறினேன். அவள் பொறுமையாகத்தான் சொன்னாள்; இரைச்சல் லைனை மாற்றுவது எங்கள் வேலையில் அன்றாடம் நடப்பது. அந்த லைன்களில் ஒரு கோளாறும் இல்லை. நம்பரைச் சொல்லும்போது பாதியில் மூச்சு நின்றது. காதில் அந்த மனிதர், "கொஞ்சம் ஜல்தி பாருங்கம்மா, எங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசணும்" என்று கெஞ்சினார்.

பக்கத்துப் போர்டுக்காரி எட்டிக் குனிந்து என் குழலில் நம்பரைச் சொன்னாள். உடனே கால் கிடைத்தது. அவர் பேசி முடித்ததும் வசந்தா மறுபடி லைனில் வந்தாள்.

"நீங்க புதுசா? ஜலதோஷம் போலிருக்கு, பாவம். அங்க கமலம்னு ஒருத்தி உண்டு. எப்ப வருவா?"

நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் காதில் பழைய குரல் ஒன்று பத்திரமாக இருந்தது. அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

"லீவுல இருக்காங்க" என்றேன்.

"வந்தா, வசந்தா கேட்டான்னு சொல்லுங்க."

"சொல்றேன்."

பட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். மிஸஸ் சேத்தியிடம் போய் நின்றேன். தன் டீயை என் பக்கம் நகர்த்தினார். ரெக்கார்ட் செக்ஷனுக்கே போகிறேன் என்றேன்.

போர்டில் என் பொழுது, டிரங்க் கால் கணக்குப்படி, மூன்று மூன்று நிமிஷமாக ஓடும். ஒவ்வொன்றும் முடிவதை நான்தான் பேசுகிறவர்களுக்கு அறிவிப்பேன். ரெக்கார்ட் செக்ஷனில் பொழுது அப்படியே கிடக்கிறது. யாரும் பேசுவதில்லை, நானும் பேச வேண்டியதில்லை. சில நேரம் கை தானாகக் கழுத்துக்குப் போய்ப் பட்டையைத் தேடும். அங்கே தழும்புதான் தட்டுப்படும். இது என் கழுத்து என்று கைக்கு இன்னும் பழகவில்லை.

மெட்ராஸ் லைனில் உட்கார்ந்த அன்று சாயங்காலம் வீட்டில் முகம் கழுவிவிட்டு நிமிர்ந்தபோது, சொல்றேன் என்று வாக்குக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. கண்ணாடியில் இருந்தவளைப் பார்த்து அந்தக் கரகரத்த குரலில் சொன்னேன்:

"கமலம், வசந்தா உன்னைக் கேட்டா."