வளைவில் வைத்த எலுமிச்சம்பழம்

நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரை ஒட்டிய குறுகலான கிராமச் சாலையில் எங்கள் வீடு. பக்கத்தில் ஒயின் தயாரித்து, வருகிறவர்களுக்குச் சுவைக்கவும் கொடுக்கும் இடம் வரப்போகிறது என்று உள்ளூர் நிர்வாகமான கவுன்சில் எங்களிடம் கருத்துக் கேட்டது. "நாமதான் குடிக்கிறதில்லையே, நமக்கென்னம்மா?" என்று சிரித்தார் என் கணவர்.

அந்த வாரம் புதுக் கார் வாங்கினோம். நம் ஊர் வழக்கப்படி கேட்டுக்கு வெளியே, சாலை வளையும் இடத்தில் நிறுத்திப் பூஜை போட்டோம். அவர் குனிந்து சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கும்போது வளைவில் ஒரு வேன் பாய்ந்து வந்தது.

"ஐயோ, என்னங்க!" என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன். காரின் பக்கக் கண்ணாடிதான் தெறித்தது. வேனை ஓட்டியவரும் வெளிறிப்போய் இறங்கினார். அந்த ஒயின் கூடத்துக்கு இடம் பார்க்க வந்தவராம்.

இப்போது பூஜையெல்லாம் கேட்டுக்கு உள்ளேதான். கவுன்சில் கூட்டத்துக்கும் போய், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வந்தேன்: "அன்றைக்கு வளைவில் எங்கள் காரை இடித்தவர் ஒரு சொட்டுகூடக் குடித்திருக்கவில்லை."