லாபத்தில் தொடங்கும் எண்ணிக்கை

மில்லர்புரத்து வீட்டின் பின்னறையில் இருபத்திரண்டு கிலோ எடையுள்ள கணினி ஒன்று வைத்திருக்கிறேன். துறைமுக வேலைகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்த எங்கள் அலுவலகத்தை மூடியபோது, பழைய இரும்போடு போகவிருந்ததை நான் கேட்டு வாங்கி வந்தேன். இந்த வீட்டில் சத்தம் எழுப்புபவை மூன்று: மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, அது. நான் பேசினால்தானே நான்காவது.

அந்த அலுவலகத்தில் என் பக்கத்து மேசையில் உட்கார்ந்து வரைந்தவன் ஆலந்தலைக்காரன். இந்த ஆண்டு சித்திரையில் இறந்துபோனான். ஆவணியில் அவன் மனைவி ஒரு சிடியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்தார்.

"ஆத்துமாக்கள் திருநாளுக்குள்ள கல்லறை கட்டணும் அண்ணாச்சி. தனக்கு எப்பிடிக் குருசு வைக்கணும்னு அவுகளே வரைஞ்சு இதுல வச்சிருக்காவ. உசிரோட இருக்கையில நூறு தடவ சொல்லிட்டாவ."

"வேற யாருட்டயும் காட்டுனீங்களாம்மா?"

"நெட் சென்டர்க்காரன் போட்டுப் பாத்தான். பேரு தெரியுது, படம் தொறக்க மாட்டேங்குன்னுட்டான். கொத்தனாரு ரெடிமேட் குருசு கெடக்கு, நட்டுருவோம்ங்காரு. அதப் பாத்தா அவுக குழிக்குள்ள இருந்தே சிரிப்பாவ."

சிரிப்பான்தான். அவன் வரைந்த அந்தச் சிலுவைப் படத்தைத் திறக்கும் மென்பொருள் என் பழைய கணினியில் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் அதற்குச் சாப்பாடு போகும் ஒரே வாயான சிடி ட்ரைவ் போன மழைக்காலத்திலேயே செத்துவிட்டது. இந்த ஊர் உப்புக் காற்றில் திருகாணிகூடத் துருப்பிடிக்கும்போது அதன் லென்ஸ் மட்டும் எப்படித் தாங்கும்? திருநாள் நவம்பர் இரண்டாம் தேதி. கல் வெட்ட மூன்று வாரமாவது வேண்டும் என்று கொத்தனார் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை.

சென்னையில் பழைய கணினிச் சாமான் விற்கும் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தேன். "இந்த மாடலெல்லாம் இன்னுமா சார் வச்சிருக்கீங்க? வீடா மியூசியமா?" என்றார். ஆனாலும் தேடி எடுத்து ஒரு ட்ரைவ் அனுப்பினார். பொருத்தினேன். விளக்கு எரிந்தது, தட்டு வெளியே வந்தது, சிடி உள்ளே போய்ச் சுற்றியது. கணினியோ படிக்க முடியவில்லை என்று எழுதிக் காட்டிவிட்டு நின்றது.

வரிசையாகப் பார்த்தேன். கேபிளைக் கழற்றி அதன் ஐம்பது ஓட்டைகளையும் துடைத்து மாட்டினேன். ட்ரைவுக்குக் கொடுத்த முகவரி எண் வன்தட்டின் எண்ணோடு மோதவில்லை. கேபிளின் கடைசி முனையில் போடவேண்டிய அடைப்பான் தளர்ந்திருந்தது, அழுத்திவிட்டேன். ஒன்றும் மாறவில்லை. விற்றவரையே மறுபடி அழைத்தேன்.

"உங்க மிஷின் பழசு சார். டேட்டாவச் சின்னச் சின்னத் துண்டாத்தான் வாங்கும். இந்த ட்ரைவ் அதுமாதிரி நாலு மடங்கு பெருசா ஊட்டுது. பின்னாடி ஊசி ஊசியா இருக்கும் பாருங்க, அதுல நாலாம் நம்பர் ஜோடிக்கு ஒரு தொப்பி மாட்டணும். ஜம்பர் சார், ஜம்பர்."

எனக்கு ஜம்பர் தெரியாதா? அரிசி மணி அளவுள்ள அந்தத் தொப்பியைக் கிடுக்கியால் பிடித்தேன். ஊசிகளின் அருகே எண்கள் அச்சிடப்படவில்லை. இடமிருந்து எண்ணி நான்காம் ஜோடியில் மாட்டினேன். படிக்கவில்லை. வலமிருந்து எண்ணி மாட்டினேன். அப்போதும் இல்லை. ட்ரைவே கெட்டதாக இருக்கும் என்று முடிவு கட்டி, ரெடிமேட் குருசையே வைக்கச் சொல்லலாம் என்று தொலைபேசியைக் கையில் எடுத்து, அந்த அம்மாள் முகம் ஞாபகம் வந்து கீழே வைத்தேன்.

மறுநாள் காலை சோறு வைக்க அரிசி அளந்தேன். என் அப்பா பலசரக்குக் கடைக்காரர். படியால் அளக்கும்போது முதல் படிக்கு ஒன்று என்று சொல்லமாட்டார், லாபம் என்பார். பிறகுதான் இரண்டு, மூன்று. அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிவிட்டது. டம்ளரைக் கவிழ்த்து, "லாபம்" என்றேன். ஒரு ஆளுக்கு ஒரு டம்ளர். அடுத்து எண்ண ஒன்றும் இல்லை.

அப்போதுதான் ஆலந்தலைக்காரன் குரல் நினைவுக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் வாய்விட்டு எண்ணுவதைக் கேட்டு அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஏ அண்ணாச்சி, இது என்ன ஒம்ம அப்பா கடையா? மிஷினு சைபர்ல இருந்துல்லா எண்ணும்!"

"ஒண்ணுமே இல்லாததுக்கு எதுக்குலே ஒரு நம்பரு?"

"அப்பம் சைபருக்கு லாபம்னு பேரு வச்சுக்கிடும். லாபம், ஒண்ணு, ரெண்டு. ஒமக்கும் மிஷினுக்கும் சண்டையில்ல."

கேலிக்குச் சொன்னது எனக்கு வசதியாகிவிட்டது. அலுவலகம் இருந்தவரை கணினி முன்னால் அப்படித்தான் எண்ணினேன். மூடிய பிறகு, கேலி செய்ய ஆளில்லாமல், கடைக் கணக்குக்கே திரும்பியிருக்கிறேன்.

அரிசியை அப்படியே விட்டுவிட்டுப் பின்னறைக்குப் போனேன். இடமிருந்து லாபம், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எண்ணில் நான்கு, இடத்தில் ஐந்து. தொப்பியை மாற்றி மின்சாரம் கொடுத்தேன். சிடி சுற்றியது, தயங்கியது, மறுபடி சுற்றியது. திரையில் கோப்பின் பெயர் வந்தது. பிறகு படம்.

எளிய குருசுதான். கைகளின் முனை மட்டும் பாய்மரக் கட்டைபோல் லேசாக மேல்நோக்கி வளைந்திருந்தது. அந்த வளைவை எந்த ரெடிமேடிலும் பார்க்க முடியாது. அந்த மென்பொருளில் நாங்கள் படத்தை அடுக்கடுக்காக வரைவோம், கண்ணாடித் தாள்களை ஒன்றின்மேல் ஒன்று வைப்பதுபோல. ஒன்றாம் அடுக்கில் குருசு. இரண்டில் பீடம். சைபர் அடுக்கை அவன் மறைத்து வைத்திருந்தான். அதற்கு அவன் கொடுத்திருந்த பெயர் 'லாபம்'.

அதைத் திறந்தேன். கல்லறையின் கால்மாட்டில் ஒரு சதுரக் கல். நாற்பத்தைந்துக்கு நாற்பத்தைந்து சென்டிமீட்டர், உயரமும் அதே. அலுவலகத்தில் எங்கள் முக்காலிகளின் அளவு.

இப்போதைய அச்சு இயந்திரம் எதுவும் அந்தப் பழைய கணினியோடு பேசாது. திரையைப் பார்த்துப் பார்த்துத் தாளில் பென்சிலால் எல்லா அளவுகளையும் வரைந்துகொண்டு பஸ் ஏறினேன். சாகுபுரம் ரசாயன ஆலையின் நெடி வந்தபோதுதான் காலையில் சாப்பிடவில்லை என்பது தெரிந்தது.

ஆலந்தலையில் அந்த அம்மாள் தாளை வெகுநேரம் பார்த்தார். வளைவை விரலால் தடவினார். பிறகு கால்மாட்டுச் சதுரத்தைக் காட்டி, "இது என்ன அண்ணாச்சி?" என்றார்.

"உக்காருறதுக்கு."

"யாரு உக்காருறதுக்கு?"

"ஆபீசுல நாங்க உக்காந்த முக்காலி அளவும்மா இது" என்றேன். அவர் தாளை மடித்துக் கொத்தனாருக்காக எடுத்து வைத்தார்.

குருசு நேரத்துக்கு வந்துவிட்டது. சதுரக் கல் வரவில்லை. பக்கத்துக் கல்லறை நெருக்கிக்கொண்டிருந்ததால் இடம் போதாது என்றார் கொத்தனார். திருநாள் அன்று அந்த அம்மாள் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து கால்மாட்டில் போட்டார். "அவுக சொன்னது கல்லு. நம்மால ஆனது இது. உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். ஈர மணலில் ஸ்டூலின் கால்கள் ஒரு பக்கமாக இறங்கின. விழுந்துவிடுவேனோ என்ற கவலையிலேயே குருசைச் சுற்றி எரிந்த மெழுகுவர்த்திகளை எண்ணத் தொடங்கினேன்.

லாபம் என்று வாய்விட்டே சொன்னேன். அடுத்தது ஒன்றா இரண்டா என்று ஒரு கணம் தடுமாறினேன். திருத்த ஆளில்லை. ஒன்று என்று சொல்லி மேலே எண்ணினேன். கடலிலிருந்து வந்த தூறல் முதல் வரிசையை அணைத்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து எண்ணவேண்டியதாயிற்று.